வாரச் சமையல் திட்டத்தில் செய்யும் தவறுகள்: வீட்டிலேயே ஆரி வேலை பார்க்கிறவர்களுக்காக

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம், வளர்பிறை முகூர்த்தம் எல்லாம் அதில் இருக்கும். நான் வீட்டிலேயே ஆரி ஒர்க் செய்கிறேன், அதாவது கொக்கி ஊசியால் ஜாக்கெட்டில் நூலும் மணியும் வைத்துச் செய்யும் பூவேலை. எனக்கு எந்த வாரம் ஜாக்கெட் குவியும், எந்த வாரம் கை காலியாக இருக்கும் என்பதை அந்த முகூர்த்தத் தேதிகள்தான் முடிவு செய்கின்றன. என்றைக்கு வீட்டில் அசைவம் கிடையாது, என்றைக்கு வடை பாயசம் வேண்டும் என்பதையும் அதே தாள்தான் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவே நாலைந்து வருடம் ஆயிற்று. அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்து, திங்கள் பூரி, செவ்வாய் பொங்கல் என்று எழுதுவேன். புதன்கிழமை வரைக்கும்கூட அது தாங்காது.

பலகாரத்தின் பெயரை முதலில் எழுதுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. பூரி என்று எழுத ஒரு நொடி போதும். மாவு பிசைந்து, தேய்த்து, பொரித்து, கிழங்கை வேகவைத்து உரித்து மசாலா வைக்க ஒரு மணி நேரம் வேண்டும். அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு கல்யாணப் பெண் டிசைன் பார்க்க வருகிறாள் என்றால் அந்தப் பூரி நடக்காது. அதனால் இப்போதெல்லாம் கிழமைக்கு நேராக முதலில் அன்றைய கைவேலையைத்தான் எழுதுகிறேன். ட்ரேஸ் எடுக்கும் (டிசைனைத் துணியில் பதிக்கும்) நாள், மணி கோர்க்கும் நாள், டெலிவரி நாள், சும்மா இருக்கும் நாள். சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

கூடவே இரண்டு விஷயத்தை விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். எங்கள் பகுதியில் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். அன்று மதியத்துக்குத் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு என்று எழுதியிருந்தால் மிக்சி ஓடாது. ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கும்போதே தையலை முடிக்கிற அவசரம் வேறு. இன்னொன்று, பிள்ளைகள் பள்ளியில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது. என் சின்னவள் அரசுப் பள்ளியில் நான்காவது படிக்கிறாள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அவளுக்கு அங்கேயே உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று கிடைத்துவிடுகிறது. இது தெரியாமல் ராத்திரிக்கும் நான் ரவா உப்புமா கிளறி வைத்தால் பிள்ளை முகம் சுண்டிவிடும். பள்ளியின் பட்டியலைக் கேட்டு, காலண்டரிலேயே சின்னதாக எழுதிவிட்டேன்.

மாவு ஆட்டுவதில் வரும் தவறு

ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக வாரம் முழுக்க மாவு ஆட்டி வைத்துவிட்டால் நிம்மதி என்றுதான் தோன்றும். வியாழக்கிழமை அந்த மாவில் தோசை ஊற்றிப் பார்த்தால் தெரியும். வாயில் வைக்க முடியாத புளிப்பு. அப்புறம் அதில் ரவையைப் போட்டு, வெங்காயத்தைப் போட்டு, எப்படியாவது தள்ளிவிடப் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஒரு நாள் இட்லி, மறுநாள் தோசை, மிச்சத்தில் பிள்ளைகளுக்குக் குழிப்பணியாரம். அதோடு மாவு தீர்ந்துவிட வேண்டும். ஞாயிறு ஒரு தடவை, புதன் ஒரு தடவை ஆட்டுகிறேன். வேலை இரண்டு மடங்கு ஆகிறதே என்று நினைக்காதீர்கள். கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் அடுத்த ஜாக்கெட்டுக்கு வேண்டிய நூலையும் மணியையும் பிரித்து வைத்துவிடலாம். கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க அவசியம் இல்லை, அவ்வப்போது தள்ளிவிட்டால் போதும்.

முகூர்த்த வாரத்தில் இரண்டு தடவை ஆட்ட நிஜமாகவே முடியாது என்றால், கரைத்த உடனேயே மாவைப் பாதியாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதியை வெளியே வைத்துப் புளிக்க விடுங்கள். இன்னொரு பாதியைப் புளிக்க விடாமல் அப்போதே ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேவைப்படும் நாளுக்கு முந்தின ராத்திரி அதை வெளியே எடுத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். பெரிய பாத்திரத்தையே தினமும் வெளியே எடுத்து, இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு, மறுபடி உள்ளே வைப்பது வேண்டாம். வெயில் காலத்தில் அந்த அரை மணி நேரமே மாவைப் புளிக்க வைத்துவிடும்.

காய்கறியும் கீரையும்

எங்களுக்கு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை பக்கம். 1999-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய உழவர் சந்தை அதுதான். அதிகாலையில் போனால் கீரைக்கட்டு ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும். பார்த்ததும் மூன்று கட்டு எடுக்கத் தோன்றும். கீரையில்தான் பலரும் ஏமாறுகிறோம். வாரத் திட்டத்தில் வெள்ளிக்கிழமை கீரைக் கூட்டு என்று எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையே கீரையை வாங்கி வைத்தால், வெள்ளிக்கிழமை கையில் வருவது மஞ்சள் இலைதான்.

வாங்கின வரிசையைப் பார்க்காமல், கெடுகிற வரிசையைப் பார்த்துச் சமைக்க வேண்டும். கீரை அன்றைக்கோ மறுநாளோ தீர வேண்டும். வெண்டைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய், புடலை எல்லாம் வாரத்தின் முதல் பாதிக்கு. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் பின்பாதி வரை தாங்கும். சேனையும் முழுப் பூசணியும் வெளியிலேயே கிடக்கும், அவசரமே கிடையாது. ஆனால் பூசணியைக் கீற்றாக வாங்கினால் கதை வேறு. இரண்டு நாளில் அதன் நடுப்பகுதி கொழகொழவென்று ஆகிவிடும். வாழைக்காயை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப்போகும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் கொட்டினால் கிழங்கு சீக்கிரம் முளைவிடும்.

கீரையையும் மல்லித்தழையையும் கழுவி வைக்கக் கூடாது. வேரை நறுக்கிவிட்டு, ஈரம் போக நிழலில் சற்றுப் பரப்பி, துணியில் சுற்றி வைக்க வேண்டும். முன்பெல்லாம் நானும் செய்தித்தாளில்தான் சுற்றுவேன். அச்சு மை உணவில் ஒட்டும், அதனால் செய்தித்தாளில் உணவைச் சுற்றாதீர்கள் என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொன்ன பிறகு விட்டுவிட்டேன். நம் கையில்தான் லைனிங் துணி மிச்சம் மிச்சமாக இருக்கிறதே! ஜாக்கெட் வெட்டினது போக விழும் பருத்தித் துண்டுகளைச் சேர்த்து, வாயில் நாடா கோர்த்த பைகளாகத் தைத்து வைத்திருக்கிறேன். கீரைக்கு ஒன்று, மல்லி புதினாவுக்கு ஒன்று, பச்சை மிளகாய்க்குச் சின்னதாக ஒன்று. புதுத் துணியைச் சாயமும் கஞ்சியும் போக இரண்டு தடவை நன்றாக அலசிவிட்டுத் தையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கைவேலை இதுதான். யாரும் காசு தராவிட்டாலும், தினமும் காலையில் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

மஞ்சள் கை

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சந்தன நிறப் பட்டு ஜாக்கெட். கழுத்து வேலை முடிந்துவிட்டது, கையில் மட்டும் ஒரு வரிசை ஜர்தோசி, அதாவது சுருள் ஜரிகை வேலை, பாக்கி. அன்று மதியத்துக்கு மீன் குழம்பு என்று திட்டம். மீனுக்கு மஞ்சள் தடவிவிட்டு, கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டு, குழம்பு கொதிக்கட்டும் என்று, துணியை இழுத்துக் கட்டியிருந்த ஃப்ரேமில் வந்து உட்கார்ந்தேன். கை சுத்தமாகத்தான் தெரிந்தது. நகக்கண்ணில் இருந்த மஞ்சள், துணியில் கடுகளவு ஒட்டிக்கொண்டது. பதறிப்போய்ச் சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள் புள்ளி என் கண்ணெதிரே சிவப்பாக மாறி, அரையணா அகலத்துக்குப் பரவியது.

ஆரத்தி கரைத்தவர்களுக்கு இதன் காரணம் தெரிந்திருக்கும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கிறது அல்லவா, சோப்பிலும் அதே காரத்தன்மைதான். பருத்தித் துணி என்றால் நன்றாக அலசி வெயிலில் போட்டால் மஞ்சள் கறை நாளாக நாளாக வெளுத்துவிடும். பட்டை அப்படி வெயிலில் போட முடியாது, அதன் நிறமும் சேர்ந்து போய்விடும். புதுத் துணி வாங்கி, மூன்று நாள் வேலையை இரண்டு ராத்திரியில் மறுபடி செய்து கொடுத்தேன். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தடங்கல் வரவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

அன்றிலிருந்து வெளிர் நிறப் பட்டு ஃப்ரேமில் இருக்கும் நாளில் மீன், கோழி, பீட்ரூட், பலாக்கொட்டை உரிப்பது எதுவும் திட்டத்தில் கிடையாது. தயிர் சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், முந்தின நாள் வைத்த புளிக்குழம்பு என்று கை படாத சமையல்தான். சமையலை முடித்து, கையை நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்து, அதில் நிறம் ஒட்டவில்லை என்றால்தான் ஊசியைத் தொடுகிறேன். கொதிக்கிற குழம்புக்கும் ஃப்ரேமுக்கும் இடையில் ஓடுவதை நிறுத்திவிட்டேன். சமையல் நேரம் ஒன்று, தையல் நேரம் ஒன்று.

ட்ரேஸ் எடுக்கும் நாளில் இன்னும் கவனம் வேண்டும். துளையிட்ட தாளின் மேல் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்க்கிற பழக்கம் இன்னும் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதை அடுப்புக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது. நெருப்பு ஒரு பக்கம், சாப்பாட்டில் ஏறும் வாசனை இன்னொரு பக்கம். நான் மாடிப்படிக்குக் கீழே செய்கிறேன், அன்று மதியச் சமையலைப் பத்து மணிக்கே முடித்துவிடுவேன். சாப்பாட்டு மேஜையில் மணி, சமிக்கி கொட்டுவதும் வேண்டாம். கண்ணாடி மணி ஒன்று சோற்றில் விழுந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும். ஆரி ஊசியின் முனையில் கொக்கி இருப்பதால் பிள்ளைகள் காலில் ஏறினால் எடுப்பதும் சிரமம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முன்தயாரிப்பு செய்வதும் தவறுதான். எல்லாக் காயையும் நறுக்கி டப்பா டப்பாவாக அடுக்கினால் பார்க்க அழகு. மூன்றாம் நாள் அந்த நறுக்கின வெண்டைக்காயைப் பாருங்கள், ஓரமெல்லாம் கறுத்து நூல் விட்டுக் கிடக்கும். தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் வைப்பது, சின்ன வெங்காயத்தை உரித்து மூன்று நாளைக்கு எடுத்து வைப்பது, ஒரு பருப்புப்பொடியோ கறிவேப்பிலைப் பொடியோ இடித்து வைப்பது, இவ்வளவு போதும். வெங்காயத்தைச் சற்று நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் பிள்ளைகளே உரித்துவிடுவார்கள்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எழுதுவதும் உண்டு. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு எங்கள் வீட்டில் ஆறேழு சாம்பாருக்கு வரும். அதற்கு மேல் எழுதினால் கடை விலைக்குத்தான் வாங்க வேண்டும். அதனால் நடுவில் பாசிப்பருப்பு, தட்டப்பயறு, கொள்ளு என்று மாற்றிக்கொள்கிறேன்.

மிஞ்சுகிற சோற்றை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். தையல் மும்முரத்தில் மதியச் சோறு அடுப்பு மேடையிலேயே கிடக்கும். ராத்திரி சூடுபண்ணிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவோம். வெளியே கிடந்த சோற்றில் வளரும் சில கிருமிகள் விடுகிற நஞ்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது. ஆறினதும், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

கடைசியாக, இருபத்தொரு வேளையையும் நிரப்பாதீர்கள். வாரத்தில் இரண்டு ராத்திரியை வெறுமையாக விட்டுவிடுங்கள். யாராவது வருவார்கள், யாருக்காவது வயிறு சரியிருக்காது, இல்லையென்றால் சட்டியில் குழம்பு மிச்சம் இருக்கும். திட்டத்தை உங்கள் போனுக்குள் வைத்துக்கொள்ளாமல் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதுவதும் முக்கியம். நம் மனதில் மட்டும் இருக்கிற திட்டத்துக்கு யாரும் கை கொடுக்க முடியாது.

ஆவணியில் வரப்போகும் ஒரு வாரத்துக்கு இப்போதே எழுதிவிட்டேன். வியாழனும் வெள்ளியும் வளர்பிறை முகூர்த்தம், நாலு ஜாக்கெட் புதன்கிழமைக்குள் கைமாற வேண்டும். ஞாயிறு மாவு, திங்கள் இட்லி, கீரைக் கடைசல். செவ்வாய் தோசை, ராத்திரியே புளிக்குழம்பு வைத்துவிட வேண்டும். புதன் முழுக்க அந்தக் குழம்பும் அப்பளமும் தயிரும். வியாழன் என் வீட்டுக்காரர் கையால் ரவா கிச்சடி. வெள்ளி கோஸ் பொரியல், கதம்ப சாம்பார். சனிக்கிழமை ராத்திரிக்கு நேராக எதுவும் எழுதவில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு நான் கொள்ளு ரசம் வச்சுக்கிறேன்த்தா, நீ உன் வேலையப் பாரு" என்று பென்சிலை வாங்கி எழுதிவிட்டார்கள்.