முண்டாசு முதல் பலூன் திராட்சை வரை: மாறுவேட உடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 14 நெருங்கினால் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும். ஃபேன்சி டிரெஸ் போட்டி, தலைப்பு தேசத் தலைவர்கள், ஒரு நிமிடம் பேச வேண்டும். பெரும்பாலும் இரண்டு நாள் முன்னால்தான் சொல்வார்கள். வாடகைக் கடைக்கு ஓடினால் நம் பிள்ளை அளவுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. இருப்பதும் பல பேர் போட்டு வேர்த்து, சரிகை உரிந்துபோன துணியாக இருக்கும். வீட்டிலேயே செய்தால் செலவும் குறைவு, அளவும் சரியாக வரும்.

ஆனால் வீட்டில் செய்யும்போது வருகிற தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தால் வருபவை. மேடையில் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தையும் அப்போது எடுக்கப்போகும் போட்டோவையும் மட்டும் மனதில் வைத்து உடையைச் செய்கிறோம். பிள்ளையோ அதை மாட்டிக்கொண்டு வேனில் ஏறி, ஷாமியானாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தன் பெயர் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்கும், பாத்ரூம் போகும், பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போடும்.

வேஷம் யாருக்குப் பிடித்தது?

முதல் தவறு தேர்விலேயே நடக்கிறது. அம்மாவுக்கு ஆசை என்பதற்காக எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கட்டபொம்மன் வேஷம் போட்டு, பெரியவர்களே மூச்சு வாங்கும் வசனத்தை மனப்பாடம் செய்ய வைப்போம். மைக்கைப் பார்த்ததும் அது அழும். மூன்று, நான்கு வயதில் முகமூடி, ஒட்டு மீசை, தலையை அழுத்தும் கிரீடம் எதையும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வதில்லை. அந்த வயதுக்குக் காய்கறி, பழம், வண்ணத்துப்பூச்சி போதும். ஒன்றாம் வகுப்புக்கு மேல் தலைவர்களுக்குப் போகலாம், அதுவும் அவர் என்ன செய்தார் என்று பிள்ளை தன் வார்த்தையில் ஒரு வரியாவது சொல்லுமானால்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு அடுத்த குழப்பம், எல்லாவற்றையும் மேலே ஏற்றுவது. ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு அடையாளம்தான் உண்டு. நேருவுக்குத் தொப்பியும் சட்டைப் பொத்தான் துளையில் சிவப்பு ரோஜாவும். காமராஜருக்குக் கதர்ச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. வள்ளுவர் என்றால் வேணுகோபால் சர்மா வரைந்த படம்தான் எல்லார் மனதிலும் இருப்பது: கொண்டை, தாடி, கையில் ஏடும் எழுத்தாணியும். இந்த அடையாளங்கள் சரியாக அமைந்துவிட்டால் மீதிக்குச் சாதாரண வெள்ளை உடை போதும். காந்திக்கு வட்டக் கண்ணாடியும் தடியும் போதும்; ரப்பர் தொப்பி மாட்டி மொட்டைத் தலை காட்ட வேண்டியதில்லை. (பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அது தனி அதிர்ஷ்டம்.) 1921 செப்டம்பரில் மதுரையில் அரை வேட்டிக்கு மாறியவர்தான் காந்தி. ஆனாலும் சட்டை இல்லாமல் மேடையேறக் கூச்சப்படும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். அவரும் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டவர்தான். பிள்ளைக்கும் ஒன்றைப் போர்த்திவிடுங்கள்.

அடையாளங்களை மாற்றிப் போடுவதும் நடக்கிறது. வேலு நாச்சியார் வேஷம் என்று சொல்லிவிட்டு முதுகில் பொம்மைக் குழந்தையைக் கட்டி அனுப்புகிறார்கள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு குதிரையேறியதாகச் சொல்லப்படும் ராணி, 1858இல் இறந்த ஜான்சி லட்சுமிபாய். சிவகங்கைச் சீமையை மீட்ட வேலு நாச்சியார் 1796இலேயே காலமாகிவிட்டார். ஜான்சி ராணிக்கு ஏறக்குறைய அறுபது வருஷம் முன்பே மறைந்தவரை அவருடைய நகலாக மேடையேற்றினால், பிள்ளையும் அப்படியே படித்துக்கொள்ளும். வாள், கேடயம், தலையில் ஒரு முண்டாசு இருந்தால் போதும். பேசும் வரியில் சிவகங்கை என்ற பெயர் வந்தால் யார் என்று எல்லாருக்கும் புரியும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாறுவேடப் போட்டி என்றால் பிச்சைக்காரர், குறத்தி, பைத்தியம் என்று வேஷம் போட்டுச் சிரிப்பும் பரிசும் வாங்குவது நம் பள்ளிகளில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். காமராஜர் வேஷத்துக்கு முகம் முழுக்கக் கரி பூசுவதும் அந்த வகைதான். கிழிந்த துணியும் கறுத்த முகமும் யாருடைய அன்றாட வாழ்க்கையோ, அந்த வீட்டுப் பிள்ளை அதே வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். வேஷம் ரசிக்கும்படி இருக்க எத்தனையோ வழி உண்டு, இது வேண்டாம். பள்ளியே அந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் வேறு கேட்டு வாங்கலாம். மிஸ் மறுக்க மாட்டார்கள்.

முண்டாசை அன்று காலையில் கட்டாதீர்கள்

பாரதியார் வேஷம்தான் தமிழ்நாட்டில் அதிகம் போடப்படுவதாக இருக்கும். அதில் கெட்டுப்போவது எப்போதும் முண்டாசுதான். காலையில் அவசர அவசரமாக அப்பாவின் வேட்டியை எடுத்துத் தலையில் சுற்றி, நான்கைந்து ஊக்கு குத்தி அனுப்புவோம். வேட்டி கனமானது, வழுக்கும். வேனில் இறங்கும்போதே கண் வரை சரிந்திருக்கும். ஊக்கு ஏதாவது திறந்துகொண்டால் குத்துவது பிள்ளையின் நெற்றியில்.

தலையில் கட்டாமல் தொப்பியில் கட்டுங்கள். பிள்ளைக்குச் சரியாகப் பொருந்தும் பழைய பருத்தித் தொப்பி ஒன்றை எடுத்து முன்பக்க வளைவை வெட்டிவிடுங்கள். மெல்லிய மல் துணி இரண்டு மீட்டர் வாங்கினால் தாராளம். அதை நான்கு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் மடித்து, தொப்பியை ஒரு சொம்பின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் வலது காதுக்கு மேலே ஒரு தையல், இடது காதுக்கு மேலே ஒரு தையல். அடுத்த சுற்றைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் அந்தப் பழைய போட்டோவில் இருக்கும் தோற்றம் வந்துவிடும். கடைசியில் ஒரு முழம் துணியைத் தொங்க விட்டு, அது கிளம்பும் இடத்தில் நன்றாக நாலு தையல் போடுங்கள், பின்னால் நிற்கும் பிள்ளை நிச்சயம் இழுத்துப் பார்க்கும். போட்டுப் பார்த்ததும் நெற்றிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அரை மணியில் தலை வலிக்கிறது என்று கழற்றி எறிந்துவிடும்.

கறுப்புக் கோட்டு இல்லையென்றால் வாங்க ஓட வேண்டாம். அண்ணனின் கறுப்பு முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போடாமல் வெள்ளைச் சட்டைக்கு மேல் மாட்டினால் தூரத்திலிருந்து பார்க்கும் யாருக்கும் அது கோட்டுதான். மீசையை ஒட்டாதீர்கள், வரையுங்கள். கண் மை வேர்வையில் வழிந்து உதடு வரை வந்துவிடும். ஐப்ரோ பென்சில் ஓரளவு நிற்கும்.

அட்டை, தெர்மாகோல், பலூன்

காய்கறி, பழ வேஷங்களில் தவறு நடப்பது பொருளைத் தேர்ந்தெடுப்பதில். சார்ட் பேப்பர் ஒரு தடவை மடங்கினால் அந்தத் தடம் போகாது. மேடையேறும்போது கேரட் கசங்கிப்போயிருக்கும். பார்சல் வரும் அட்டைப்பெட்டி அதைவிட உறுதி. ஆனால் அதை எந்தப் பக்கமாக வெட்டுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. அட்டைக்குள் நெளி நெளியாக ஒரு தாள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெளிவின் கோடுகள் மேலிருந்து கீழாக வரும்படி வெட்டினால் அட்டை உடம்பைச் சுற்றி அழகாக வளையும். குறுக்காக வரும்படி வெட்டினால் வளைய மறுத்து, வயிற்றுக்கு நேராக உடைந்து மடங்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வெட்டித் தோளில் அகலமான நாடாவால் இணையுங்கள். இடுப்புக்குக் கீழே இறங்க விடாதீர்கள். முழங்கால் வரை தொங்கும் கத்தரிக்காயால் மாடிப்படி ஏற முடியாது, உட்காரவும் முடியாது.

தெர்மாகோலில் கிரீடம் செய்து, மேலே ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழிகுழியாகிவிடும். செருப்பு ஒட்டப் பயன்படும் காரமான பசையும் அதைத்தான் செய்யும். தெர்மாகோலுக்கு ஃபெவிகாலும் தண்ணீரில் கரையும் போஸ்டர் கலரும்தான் சரி. ஆனால் ஃபெவிகால் காய நேரம் எடுக்கும். இரவு பதினொரு மணிக்கு ஒட்டியது காலை ஏழு மணிக்குப் பிடித்திருக்குமா என்பது மழைக்காலத்தில் சந்தேகம்தான், நவம்பரோ மழை மாதம். ஒரு நாள் முன்னதாகவே ஒட்டி முடித்துவிடுங்கள். ஹாட் க்ளூ கன் வேகமாக ஒட்டும், ஆனால் உடையைப் பிள்ளை போட்டிருக்கும்போது அதைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. உருகிய பசை ஒரு சொட்டு தோலில் பட்டால் கொப்புளம்தான்.

அப்புறம், பலூன் திராட்சை. ஊதா பலூன்களைச் சட்டையில் குத்தி அனுப்பும் யோசனை இணையத்தில் பார்க்க அழகாக இருக்கிறது. பிள்ளை உட்கார்ந்ததும் முதுகில் இருப்பவை வெடிக்கும், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருக்கும் நான்கு பிள்ளைகள் அழும். வேஷம் போட்ட பிள்ளை அதற்குப் பிறகு மேடைக்கே வராது. பலூன்தான் வேண்டுமென்றால் முன்பக்கம் மட்டும் வையுங்கள், பாதி அளவுக்கு ஊதுங்கள், வெயிலில் நிறுத்தாதீர்கள். இல்லையென்றால் ஊதாத் துணியில் பஞ்சு அடைத்து உருண்டை தைத்துவிடலாம். உடைந்து சிதறிய பலூன் துண்டுகளைச் சின்னப் பிள்ளைகள் வாயில் போடும் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பாத்ரூம்

வேஷம் போட்டு முடித்து, மேக்கப் போட்டு, போட்டோவும் எடுத்த பிறகு "அம்மா, ஒண்ணுக்கு" என்று கேட்காத பிள்ளை கிடையாது. பள்ளியில் ஆயாம்மா ஒருவர் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் ஒன்பது ஊக்கு குத்திய வேட்டியையோ, கழுத்திலிருந்து கால் வரை ஒரே துண்டாகத் தைத்த உடையையோ அவரால் கழற்றி மாட்டிவிட முடியாது. மேல் தனி, கீழ் தனி என்று இரண்டாகச் செய்யுங்கள். வேட்டியைக் கட்டி அனுப்பாமல், மடிப்பு வைத்துத் தைத்து இடுப்பில் எலாஸ்டிக் போட்டுவிடுங்கள். உள்ளே ஒரு ஷார்ட்ஸ் கட்டாயம். வேட்டி அவிழ்ந்தாலும் பிள்ளை மேடையில் கூசி நிற்காது.

கழுத்தைச் சுற்றி வரும் எதற்கும் முடிச்சு போடக் கூடாது. கிருஷ்ணரின் மாலையோ பறவையின் இறக்கையோ, எங்காவது மாட்டி இழுபட்டால் உடனே பிரிந்துவர வேண்டும். அதற்கு வெல்க்ரோ சரியாக இருக்கும். முகமூடியைவிட நெற்றிக்கு மேலே நிற்கும் பட்டை எப்போதும் மேல். படிக்கட்டு கண்ணுக்குத் தெரியும், பேச்சும் கேட்கும். வள்ளுவர் தாடியைப் பசையால் முகத்தில் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். வாயை விட்டுவிட்டுத் தாடைக்கு மட்டும் பிறை வடிவில் வெள்ளைத் துணி வெட்டி, அதன் மேல் பஞ்சை ஒட்டிக் காயவிட்டு, பழைய மாஸ்க்கின் காது எலாஸ்டிக்கை இரண்டு பக்கமும் தைத்தால் போட்டுக் கழற்ற ஒரு நொடி.

தடி, வாள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். வரிசையில் காத்திருக்கும் காந்தியும் கட்டபொம்மனும் கொஞ்ச நேரத்தில் கத்திச் சண்டையில் இறங்கியிருப்பார்கள். வாள் அட்டையாக இருக்கட்டும், தடி பிள்ளையின் தோளுக்குக் கீழேயே நிற்கட்டும்.

முகத்தில் பூசுவது

காகிதத்துக்குச் செய்த போஸ்டர் கலர், அக்ரிலிக், ஃபேப்ரிக் பெயின்ட் எதுவும் தோலுக்கு ஆகாது. முகத்துக்கென்றே விற்கும் வண்ணத்தைத்தான் பூச வேண்டும். அதையும் முந்தின நாளே முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடலாம். கைவேலைக்கு வாங்கிய ஜிகினாத் தூள் கண்ணுக்குள் போனால் உறுத்திப் புண்ணாக்கும், அதை உடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேக்கப்பைச் சோப்புப் போட்டு உரசாமல், தேங்காய் எண்ணெய் தடவிப் பஞ்சால் துடைத்தால் தானாக வந்துவிடும்.

ஒத்திகை பார்க்காமல் அனுப்புவது

வசனத்துக்கு ஒத்திகை பார்ப்போம், உடைக்குப் பார்ப்பதில்லை. முந்தின நாள் மாலை முழு வேஷமும் போட்டு அரை மணி நேரம் வீட்டில் திரிய விடுங்கள். சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள், பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மைக்குக்குப் பதில் ஒரு கரண்டியைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். ஒரு கையில் ஏடும் இன்னொரு கையில் எழுத்தாணியும் இருந்தால் மைக்கை எந்தக் கையில் பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரியும். வசனம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம், மேடைக்குக் கீழே நின்று நாம் வாயசைக்கவும் வேண்டாம். பிள்ளை நம்மைப் பார்த்துக்கொண்டே மைக்கை விட்டு விலகிவிடும்.

பெரிய உடையாக இருந்தால் பள்ளியில் போய் மாட்டிவிட அனுமதி கேளுங்கள். ஸ்கூட்டரின் முன்னால் நிற்கும் கேரட்டைக் காற்றே பிய்த்துவிடும். பையில் ஊசி நூல், அகலமான டேப், ஈரத் துணி, மாற்று டி-ஷர்ட் இருக்கட்டும். டிபனை வேஷம் போடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், பாரதியாரின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் பட்டால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.