வெளிநாடு போற நம்மட புள்ளயளுக்கு: ஆரும் முத்திரை குத்தினா ஒரு சீஆர் கொப்பி எடுங்க

நான் மட்டக்களப்பு கல்லடியில பின்னேரத்தில இங்கிலிஷ் கிளாஸ் எடுக்கிறனான். போன கிழமை, யூகேக்குப் படிக்கப் போக இரிக்கிற ஒரு புள்ள எழும்பி, "சேர், அங்க போனாப்பிறகு நம்மள ஆரும் கேவலமாப் பேசினா என்ன செய்யிற?" எண்டு கேட்டுது. அந்த நேரம் ஏதோ ஒரு பதில் சொல்லிப்போட்டன், ஆனா ராவைக்குப் படுத்தா நித்திரை வரல்ல, அது காணாது எண்டு மனசு சொல்லிட்டே இருந்திச்சு. அதான் ஆறுதலா இருந்து எழுதுறன். நான் 2008ல இருந்து 2017 மட்டும் பேர்மிங்காம்ல இருந்தவன். அங்க ஒரு முதியோர் இல்லத்தில என்னோட ராத்திரி ஷிப்ட் செஞ்ச ஒரு ஐரிஷ் அம்மா, அயர்லாந்துக்காரி, சொல்லித் தந்ததுதான் இதில பாதி.

முதல்ல நம்மட வீட்டுலயே தொடங்குங்க. "மட்டக்களப்பாரு பாயோட ஒட்ட வெச்சிருவாங்க", அதாவது வந்தவன மந்திரத்தால திரும்பிப் போகவிடாமப் பண்ணிருவாங்க எண்டு கேட்காத ஆள் நம்மட ஊருல இரிக்கா? யாழ்ப்பாணத்தில, கொழும்பில, இப்ப கனடாவிலயும் கூட, ஊரச் சொன்ன உடன சிரிச்சுக்கிட்டே கேட்பாங்க. வந்தவனுக்குப் பாய் விரிச்சு, சோறு போட்டு, ரெண்டு நாள் நிண்டு போங்க எண்டு சொன்ன சனத்துக்குக் கிடைச்ச பேர் மந்திரவாதி. அதக் கேக்கக்குள்ள உங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்ன செய்யுது எண்டு ஒருக்கா யோசிங்க. மற்ற நாட்டில நடக்கப் போறதும் இதேதான், பாசை மட்டும் வேற.

நிறம்தான் காரணம் எண்டு நினைக்காதீங்க. ஐரிஷ்காரர் வெள்ளைத் தோல், கனபேர் இங்கிலிஷும் பேசுவாங்க, கிறிஸ்தவங்க. 1845ல இருந்து 1852 மட்டும் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து பஞ்சத்தில பத்து லட்சம் சனம் அளவில செத்து, அதே அளவு சனம் கப்பலேறி அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போச்சு. போன இடத்தில கத்தோலிக்கர் எண்டதும் ஏழை எண்டதும் காணும், குடிகாரன், சண்டைக்காரன், மொக்கன் எண்டு பேர் வெச்சிட்டாங்க. லண்டன்ல பஞ்ச் எண்ட பத்திரிகையிலயும் அமெரிக்காவில தாமஸ் நாஸ்ட் கீறின படங்களிலயும் ஐரிஷ்காரனுக்குக் குரங்கு மூஞ்சி. ஆகவே "நான் நல்லா இங்கிலிஷ் பேசினா, நல்ல உடுப்புப் போட்டா ஒண்டும் சொல்லமாட்டாங்க" எண்டு நினைச்சுப் போகாதீங்க. இங்கிலிஷ் வேலைக்கு உதவும், இதுக்கு உதவாது.

சரி, பகிடி விடுறவனுக்கு என்ன செய்யிற? சேர்ந்து சிரிக்காதீங்க. நாம எல்லாரும் செய்யிற முதல் பிழை அதுதான், மரியாதைக்கு ஒரு சிரிப்பு. முகத்த சாதாரணமா வெச்சுக்கிட்டு, "எனக்கு விளங்கல்ல, அதுக்கு என்ன கருத்து?" எண்டு கேளுங்க. அவன் விளங்கப்படுத்தணும். விளங்கப்படுத்தப் போகக்குள்ளதான் அவனுக்கே தெரியும், அதில பகிடி எண்டு ஒண்டுமில்ல எண்டு. எண்பதுகள்ல இங்கிலாந்து டீவியில ஐரிஷ் மொக்கன் பகிடி இல்லாத கிழமை குறைவு எண்டு அந்த அம்மா சொல்லுவா, வேலைத்தளத்தில தான் ஒருநாளும் சிரிக்கல்ல எண்டும் சொல்லுவா.

பேர் விசயத்தில விட்டுக் கொடுக்காதீங்க, இத அழுத்திச் சொல்லுறன். அமெரிக்காவில வீட்டு வேலைக்குப் போன ஐரிஷ் பொம்புளையள எல்லாரையும் பிரிஜட் எண்டே கூப்பிட்டாங்க, சொந்தப் பேர் என்னவா இருந்தாலும். இது பழைய கதை இல்ல. லெபனான்ல "சிறிலங்கா" எண்டாலே வேலைக்காரி எண்டு கருத்தாப் போச்சு, பிலிப்பீன் பொம்புளையையும் அப்பிடிச் சொல்லுவாங்களாம். எங்கட சித்தி களுவாஞ்சிக்குடியில இருந்து பெய்ரூத்துக்குப் போனவ. அந்த வீட்டுச் சின்னப் பொடியனக் கொண்டு தன்ட பேர அறபில எழுதுவிச்சு, பிரிஜ் கதவில காந்தத்தால ஒட்டி வெச்சா. ஒவ்வொருக்கா தண்ணிப் போத்தல் எடுக்கக்குள்ளயும் மேடம் அத வாசிக்கணும். ரெண்டு மாசத்தால மேடம் பேர் சொல்லிக் கூப்பிட்டாவாம். அந்தக் கடதாசி இன்னமும் சித்திட அலுமாரிக்குள்ள இரிக்கு, மடிப்புல கிழிஞ்சு, ஓரத்தில எண்ணெய்க் கறையோட.

கல்ஃபுக்கு, லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போறவங்க இன்னொண்டும் செய்யுங்க: பாஸ்போர்ட், கொந்திராத்து ரெண்டையும் போட்டோ எடுத்து ஊரில ஒராளிட்ட குடுத்துட்டுப் போங்க. பிரச்சினை எண்டா வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திட 1989 நம்பருக்கு அடிக்கலாம்.

இப்ப கொப்பி விசயம். போன முதல் நாளே ஒரு கொப்பி வாங்குங்க. என்ன நடந்தாலும் அண்டைக்கு ராவைக்கே எழுதுங்க. திகதி, நேரம், எந்த இடம், ஆரு சொன்ன, பக்கத்தில ஆரு நிண்ட. அவங்க சொன்ன சொல்ல அப்பிடியே எழுதணும், "கேவலமாப் பேசினார்" எண்டு எழுதினா அது ஒண்டுக்கும் உதவாது.

ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா, நூறு வருசத்துக்கு மேல ஐரிஷ் குடும்பங்கள் தங்கட புள்ளயளுக்குச் சொல்லிட்டு வந்த ஒரு கதை இரிக்கு, வேலை விளம்பரத்தில "ஐரிஷ்காரர் விண்ணப்பிக்கத் தேவையில்ல" எண்டு போட்டிருந்த கதை. 2002ல றிச்சர்ட் ஜென்சன் எண்ட வரலாற்றுப் பேராசிரியர் அமெரிக்காவில அப்பிடியான விளம்பரம் கிடைக்கிறதே மிச்சம் அரிது, சனம் கட்டின கதை எண்டு எழுதிப்போட்டார். பெரிய ஆள் சொன்னது, கனபேர் நம்பிட்டாங்க. மறுகா 2015ல ரெபெக்கா ஃப்ரைட் எண்ட 14 வயசுப் பள்ளிக்கூடப் புள்ள, இணையத்தில ஏத்தின பழைய பேப்பர்களத் தேடி, அந்த விளம்பரங்கள பத்துக் கணக்கில எடுத்துக் காட்டிச்சு. சொன்ன ஆச்சிமார் பொய் சொல்லல்ல! ஆனா ஆச்சிமாரிட வாய்ச்சொல்ல ஏற்காத உலகம் அச்சில இரிந்த கடதாசிய ஏற்றுக்கொண்டுது. உங்களுக்கு நடந்தத உங்கட கையாலயே எழுதி வெச்சா, பிறகு ஒரு பேராசிரியர் வந்து நடக்கல்ல எண்டு சொல்ல ஏலாது.

வேலையில, கெம்பஸ்ல நடந்தா அந்தக் கொப்பியப் பாத்து ஈமெயிலா எழுதிப் போடுங்க, வாயால முறைப்பாடு சொல்லிப்போட்டு வராதீங்க. யூகேயில 2010 சமத்துவச் சட்டத்தில நிறம் மட்டுமில்ல, நாடு, இனம், பூர்வீகம் எல்லாம் அடங்கும். வேலைப் பிரச்சினைக்கு அக்காஸ் (Acas) எண்ட இடத்தில இலவசமா ஆலோசனை எடுக்கலாம். வழக்குப் போடக் காலக்கெடு மாசக் கணக்குத்தான், வருசக் கணக்கில்ல, அதனால பாப்பம் பாப்பம் எண்டு இரிக்காதீங்க.

பொலிஸ் விசயம் வேற மாதிரி, இதில கவனம். 1974 நவம்பர் 21ல பேர்மிங்காம்ல ரெண்டு பப்ல குண்டு வெடிச்சு 21 பேர் செத்தாங்க. ஒரு கிழமையில பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்திச்சு, ஓம், நமக்கு 1979ல வந்ததுக்கும் அதே பேர்தான். ஐரிஷ் ஆயுதக்குழுவிட வேலை எண்டு குற்றமே செய்யாத ஆறு ஐரிஷ்காரரப் பிடிச்சாங்க. அதில ரெண்டு பேரிட கையில வெடிமருந்து இரிக்கு எண்டு ஒரு நிபுணர் கோட்டில சொன்னார். அந்தச் சோதனை விளையாட்டுக் கார்ட்டுகளப் பிடிச்ச கைக்கும் அப்பிடியே காட்டும் எண்டு பின்னுக்குத்தான் தெரிய வந்த, அவங்க அண்டைக்கு ரெயில்ல கார்ட்ஸ் விளையாடிட்டுத்தான் போனவங்க. நாலு பேரிட்ட அடிச்சு வாக்குமூலமும் வாங்கியிருந்தாங்க. 1991லதான் விட்டாங்க, 16 வருசம். விளங்காத கடதாசியில கையெழுத்து வைக்காதீங்க எண்டு நான் சொல்லுறது அதுக்குத்தான். அங்க பொலிஸ் ஸ்டேசன்ல இலவசமா வக்கீல் கேட்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், ரெண்டையும் கேட்டுட்டு அவங்க வருமட்டும் பேசாம இரிங்க.

அந்த அம்மா குண்டு வெடிச்ச காலத்தில கடைக்குப் போனா வாய் திறக்கமாட்டாவாம். பாண் வேணும் எண்டா விரலால காட்டுற. வாய் திறந்தா எந்த ஊர் எண்டு தெரிஞ்சிரும். நான் அதக் கேக்கக்குள்ள எனக்கு செக்பொயின்ற் ஞாபகம் வந்திச்சு, கொழும்பு பஸ்ஸில தமிழ்ல போன் பேசாம இரிந்த நாளும் ஞாபகம் வந்திச்சு.

தனிய இரிக்காதீங்க. அங்க இரிந்த ஐரிஷ் சங்கங்கள் வருசக் கணக்கா கேட்டுக் கேட்டுத்தான் 1997ல இனச் சமத்துவ ஆணைக்குழு அவங்கட பாகுபாட்டப் பற்றி ஒரு அறிக்கை விட்ட, 2001 சனத்தொகைக் கணக்கெடுப்பில ஐரிஷ் எண்டு தனிக் கட்டம் வந்த. படிவத்தில இனம் கேட்டா சோம்பல்ல வெறுமையா விடாம நிரப்புங்க.

கடைசியா, கொப்பியிட பின் பக்கம். அத உங்களுக்கு விடுங்க, உங்கட வாயில இரிந்து மற்றவங்களப் பற்றி வந்ததுக்கு. ஐரிஷ்காரரும் சும்மா இரிக்கல்ல. 1863ல நியூயோர்க் கலவரத்தில கறுப்பு மக்கள அடிச்சுக் கொன்ற கூட்டத்தில கனபேர் அவங்கதான். அயர்லாந்தில பிறந்து கலிபோர்னியாவுக்கு வந்த டெனிஸ் கேர்னி எண்ட ஆள்தான் "சீனாக்காரர் போகணும்" எண்டு 1870கள்ல மேடை மேடையாக் கத்தினவர். அடி வாங்கின சனம்தான் அது.

என்ட கொப்பியிலயும் பின் பக்கம் இரிக்கு. 2019 ஏப்ரல் 21ல மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சு சின்னப் புள்ளயளெல்லாம் போன பிறகு, நான் நல்ல பழக்கமுள்ள ஒரு சோனகத் (முஸ்லிம்) தையல்காரரிட கடைய ரோட்டுக்கு அந்தப் பக்கத்தால கடந்து போனன். அவர் மெசினுக்குப் பின்னால இரிந்து பாத்தவர், ஒண்டும் கேக்கல்ல. அதே ஆண்டு ஆவணி 4, காலை ஒன்பது மணி, தைக்கக் குடுத்திருந்த காற்சட்டைய எடுக்கப் போனன். மூணு மாசமா மடிச்சு, என்ட பேர் எழுதின துண்டோட வெச்சிருந்தார்.