கயிற்றின் இழுவிசை: கணக்கு எங்கே சறுக்குகிறது?

வழவழப்பான தரையில் 2 கிலோ, 3 கிலோ நிறையுள்ள இரண்டு கட்டைகள். நடுவே நிறையற்ற ஒரு கயிறு. 3 கிலோ கட்டையை 20 நியூட்டன் விசையால் முன்னோக்கி இழுக்கிறோம். கயிற்றின் இழுவிசை எவ்வளவு? யோசிக்காமல் 20 என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம். மற்ற பல பிழைகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வெளியிலிருந்து தரும் விசை அப்படியே பின்கட்டைக்குப் போய்ச் சேராது. மொத்த நிறை 5 கிலோ, எனவே முடுக்கம் 4 மீ/வி². இப்போது பின்கட்டைக்கு மட்டும் விசைப்படம், அதாவது அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் காட்டும் படம், வரையுங்கள். கிடைத்திசையில் அதை இழுப்பது கயிறு ஒன்றுதான். 20 நியூட்டன் அந்தப் படத்தில் வரவே கூடாது. இழுவிசை 2 × 4 = 8 நியூட்டன். முன்கட்டையில் சரிபாருங்கள்: 20 − 8 = 12, அதுவே 3 × 4. அதே 20 நியூட்டனால் 2 கிலோ கட்டையின் பக்கமிருந்து இழுத்தால், முடுக்கம் மாறாது, இழுவிசை மட்டும் 12 ஆகிவிடும். எந்தக் கட்டை பின்னால் வருகிறது என்று பார்க்காமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, தொங்கும் கட்டையின் எடையையே இழுவிசையாக எடுத்துக்கொள்வது. 3 கிலோ மேசைமேல், 2 கிலோ கப்பி வழியே தொங்குகிறது, உராய்வு இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்றால் எடை 20 நியூட்டன். இழுவிசையும் 20 என்றால் தொங்கும் கட்டையின்மேல் நிகர விசை சுழி. அது முடுக்கத்தோடு இறங்குவது எப்படி? முடுக்கம் 20 ÷ 5 = 4, எனவே சரியான விடை 3 × 4 = 12. எடையும் இழுவிசையும் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் விசை, எதிர்விசை இணையும் அல்ல. எடைக்கு எதிர்விசை பூமியின்மேல் செயல்படுகிறது.

கப்பியின் இருபுறமும் கட்டைகள் தொங்கினால் குறிகளில் கவனம் தேவை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டுக்கும் மேல்நோக்கியே நேர்க்குறி என்று வைத்தால் முடுக்கங்கள் எதிரெதிர்க் குறியில் இருந்தாக வேண்டும். 4 கிலோ, 6 கிலோ என்றால் முடுக்கம் (60 − 40) ÷ 10 = 2, இழுவிசை 40 + 4 × 2 = 48 நியூட்டன். விடை எப்போதும் இரு எடைகளுக்கும் இடையில், இங்கே 40க்கும் 60க்கும் நடுவில், விழ வேண்டும்.

இருபுறமும் ஒரே இழுவிசை என்பது கயிறும் கப்பியும் நிறையற்றவை, கப்பியின் அச்சில் உராய்வில்லை என்னும்போதுதான். கப்பிக்கு நிறை இருந்து, கயிறு வழுக்காமல் அதைச் சுழற்றினால், முடுக்கத்தின்போது இரு பக்கமும் வேறுபடும்.

உராய்வு இருந்தால், கட்டைகள் நகருமா என்பதை முதலில் பாருங்கள். நகராதபோது இயக்க உராய்வை, அதாவது நகரும்போது மட்டும் செயல்படும் உராய்வை, போட்டால் பொருளற்ற முடுக்கம் வரும். சமன்பாடுகள் சரியாக இருந்தும் இழுவிசை எதிர்க்குறியில் வருவதுண்டு. சாய்தளத்தில் கயிற்றால் கட்டிய கட்டைகள் சறுக்கி இறங்கும்போது, மேல்கட்டைக்கு உராய்வு குறைவாக இருந்தால் இப்படி நேரும். கயிறு தள்ளாது. அது தொய்ந்துவிட்டது என்று பொருள். இழுவிசையைச் சுழியாக்கி, ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.