மாரியில் வீட்டுக்குள் பூஞ்சண மணமா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

கார்த்திகை கடந்தால் வன்னியில் பல வீடுகளில் ஒரே மணம்தான். அலுமாரியைத் திறந்தாலும் அது, தலையணையில் முகம் வைத்தாலும் அது. உடனே கடைக்குப் போய் வாசனை ஸ்பிறே ஒன்று வாங்கி வருகிறோம். முதல் பிழையே அதுதான். ஈரம் ஊறிய சுவரிலும் துணியிலும் பலகையிலும் பூஞ்சணம் வளரும்போது வெளிவிடும் வாயுக்கள்தான் அந்த மணம். சாம்பிராணி போட்டால் கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து மணக்கும், அப்புறம் பழையபடிதான். காசை எடுக்க முதல் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு சாண் அகலப் பொலித்தீன் துண்டை மணக்கிற சுவரில் நாலு பக்கமும் ரேப் போட்டு இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் துளிர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் காற்றில்தான் ஈரம்.

சுவரில் என்றால் வெளியே போய் அடியைப் பாருங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய சீமெந்துக்கல் வீடுகள் பலவற்றுக்குப் பீலி கிடையாது. கூரைத் தண்ணீர் நேரே சுவரடியில் விழுந்து தெறிக்கிறது. போதாததற்கு, முற்றத்தை உயர்த்துகிறோம் என்று கொட்டிய மண் அத்திவாரத்தையும் தாண்டிச் சுவரில் அணைந்து கிடக்கும். அந்த மண்ணை வெட்டி இழுத்து, கூரைத் தண்ணீர் விழும் கோட்டில் சின்ன வாய்க்கால் எடுத்து, உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போட்டுவிடுங்கள். மண்வெட்டி இருந்தால் போதும்.

அடுத்தது பொங்கல் பெயின்ற். இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். வன்னிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைதான். அதாவது, சுவர் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருக்கும் நேரம் பார்த்து அதன்மேல் இமல்சன் அடிக்கிறோம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லை. பங்குனிக்குள் பெயின்ற் கொப்புளம் போட்டு உரியும், அதற்குக் கீழே கறுப்புப் புள்ளிகள் இருக்கும். பொங்கலுக்கு வீடு வெளிச்சமாக வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். விலை குறைவு, சுவரும் மூச்சு விடும், அதன் காரத்தில் பூஞ்சணம் லேசில் பிடிக்காது. பெயின்றை ஆனி, ஆடியில் சோளகம் வீசும்போது வைத்துக்கொள்ளலாம்.

காற்றில்தான் ஈரம் என்றால், யன்னலை இரவு பகலாகத் திறந்து வைப்பது உதவாது. மழை நேரமும் இரவும் வெளிக்காற்றே நனைந்த காற்று. வெயில் எறிக்கும் நாளில் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, பொழுதுபடுமுன் சாத்திவிடுங்கள். அறைக்குள் கொடி கட்டி ஈர உடுப்புக் காயப் போடாதீர்கள், விறாந்தை இருக்கிறது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். அதற்குள் சிரட்டைக்கரி ஒரு சட்டியில் வைத்தால் மணத்தைப் பிடிக்கும், இடைக்கிடை வெயிலில் காயவைக்க வேண்டும். திறந்த அறையில் கரி வைத்து ஒரு பிரயோசனமும் இல்லை.

நெல்லை மறந்துவிடுகிறோம். காலபோக அறுவடை முடிந்ததும் மூட்டைகள் நேரே அறைக்குள், வெறும் நிலத்தில், சுவரோடு ஒட்டி அடுக்கப்படுகின்றன. நெல்லில் ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், வீடு முழுக்க மணக்கும். ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் இன்னும் வெயில் வேண்டும். அடியில் பனம்பலகை போட்டு, சுவரோடு முட்டாமல் அடுக்குங்கள்.

பூஞ்சணத்தை உலர்ந்த தும்புத்தடியால் தட்டினால் அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முட்டு வருத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது கூடவே கூடாது. முதலில் நனைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தேயுங்கள். வினாகிரி போதும். "இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது" என்று வினாகிரியோடு குளோரின் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கழிவறை அசிட்டோடு கலந்தாலும் அதேதான். அஸ்பெஸ்டஸ் சீற் கூரையின் உட்பக்கத்தைக் கம்பி பிறஷ்ஷால் சுரண்டவே வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. நப்தலீன் உருண்டை போட்ட உடுப்பைக் கைக்குழந்தைக்குச் சுற்றாதீர்கள்.

கடைசியாக மெத்தை. 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததுபோல் வெள்ளம் புகுந்தால், நனைந்த மெத்தையைக் காயவைத்துத் திரும்பக் கட்டிலில் போடுவார்கள். விலை கொடுத்து வாங்கியது, மனம் வராதுதான். ஆனால் மேல்துணி காய்ந்தாலும் நடுத்தும்பு காயாது. எறிந்துவிட்டு, அடுத்தது வாங்கும் வரை பன்பாய் போடுங்கள், அது ஒரு வெயிலில் காய்ந்துவிடும்.