நிதி திரட்டும் ஆலோசகரை அமர்த்தும்போது அறக்கட்டளைகள் செய்யும் தவறுகள்

வங்கிக் கணக்கில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மட்டும் பணம் மிஞ்சியிருக்கும்போதுதான் பல அறக்கட்டளைகள் நிதி திரட்டும் ஆலோசகரைத் தேடுகின்றன. ஒரு நிறுவனத்திடம் விண்ணப்பித்து, அது பரிசீலிக்கப்பட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பணம் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும் என்பதால், அவசரத்துக்கு ஆலோசகரை நம்புவது வீண்.

கையில் காசில்லாத நிலையில் செய்யப்படும் அடுத்த தவறு இன்னும் பெரியது. திரட்டித் தரும் தொகையில் 15 சதவீதம் கமிஷன் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். குழந்தைகளின் புத்தகங்களுக்கென்று ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, அதில் 15,000 ரூபாய் இடையில் நின்றவருக்குப் போனது பின்னர் தெரியவந்தால், அவர் மறுமுறை கொடுப்பாரா? அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நிதி திரட்டுநர் சங்கமான ஏ.எஃப்.பி. தன் நன்னெறி விதிகளிலேயே இத்தகைய சதவீத ஊதியத்தைத் தடை செய்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்குச் சட்டச் சிக்கலும் உண்டு: 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) திருத்தப்பட்டபின் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. தொழில்முறைக் கட்டணங்களும் அந்த 20-க்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே, செய்ய வேண்டிய வேலையையும் அதற்கான காலத்தையும் எழுதிவைத்து, நிலையான கட்டணம் பேசுவதே முறை.

தகுதியைப் பார்க்காமல், நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதிக்கு ஆசைப்படுவதும் வழக்கமாகிவிட்டது. நிறுவனங்கள் வெளி அறக்கட்டளை ஒன்றின் வழியாகச் செலவிட வேண்டுமானால், அதற்கு வருமான வரிப் பதிவுகளோடு அதே வகைப் பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவம் வழியாகப் பெறும் பதிவு எண்ணும் தேவை. சென்ற ஆண்டு தொடங்கிய அமைப்பிடம் இதைச் சொல்லாமல் முன்பணம் கேட்கும் ஆலோசகரை அப்போதே அனுப்பிவிடலாம்.

ஆலோசகர் வந்ததும் அறங்காவலர்கள் ஒதுங்கிக்கொள்வதை எந்தக் கட்டணத்தாலும் ஈடுகட்ட முடியாது. யாரிடம், எப்போது, எவ்வளவு கேட்கலாம் என்று அவர் சொல்லலாம். நேரில் போய்க் கேட்க வேண்டியவர்கள், ஊரில் முகம் தெரிந்த அறங்காவலர்கள்தான். ஆலோசகர் கேட்கும் விவரங்களை மறைப்பதும் அப்படித்தான். பழைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் பாதிப் பக்கங்களில் ‘நலம்விரும்பி’ என்று மட்டும் எழுதி, தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். அதை அப்படியே அவர் முன் வைப்பதில் வெட்கம் வேண்டாம். முன்பு கொடுத்து இப்போது நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் பிடிப்பதிலிருந்துதான் நல்ல ஆலோசகர் தொடங்குவார்.

நன்கொடையாளர் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், ஆலோசகர் விலகும் நாளில் அதுவும் அவருடைய மடிக்கணினியிலேயே போய்விடும். பட்டியல் அறக்கட்டளைக்கே உரியது என்றும், பணி முடிந்ததும் தன்னிடமுள்ள பிரதியை அவர் அழித்துவிட வேண்டும் என்றும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.