மழலையர் பள்ளியும் வீடும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வயதில் குழந்தையை நல்ல மழலையர் பள்ளியில் சேர்த்துவிட்டால் பொறுப்பில் பாதி தீர்ந்தது என்று கருதுவதே பெற்றோர் செய்யும் தவறுகளில் முதன்மையானது. மழலையர் கல்வியின் பெருமைக்குச் சான்றாக, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவர். வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் அந்தப் பள்ளியில் இடமளித்து, இரு பிரிவினரையும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்ததில், பள்ளிக்குச் சென்றவர்கள் கூடுதலாகச் சம்பாதித்ததும் குறைவாகவே கைதானதும் தெரியவந்தன. ஆனால் அப்பள்ளியின் ஆசிரியர்கள் வாரந்தோறும் சுமார் ஒன்றரை மணி நேரம் குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று தாயையும் கற்பித்தலில் சேர்த்துக்கொண்டார்கள் என்ற செய்தி மட்டும் ஏனோ எளிதில் விடுபட்டுப்போகிறது.

எழுத்தையும் எண்ணையும் கொண்டே வளர்ச்சியை அளப்பது அடுத்த தவறு. பெர்ரி குழந்தைகள் நுண்ணறிவுச் சோதனைகளில் பெற்ற முன்னிலை தொடக்கப்பள்ளி நாள்களிலேயே பெரும்பாலும் கரைந்துவிட்டது; நடத்தையிலும் கற்கும் ஊக்கத்திலும் நேர்ந்த மாற்றமே பிற்காலப் பலன்களுக்குப் பெரிதும் காரணம் என்கிறார் பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன். பென்சிலை இறுக்கிப் பிடிக்கவே விரல் பழகாத எல்.கே.ஜி. குழந்தைக்குப் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் கேட்கும் பெற்றோர், பள்ளியையும் அந்த வழிக்கே தள்ளுகிறார்கள்.

"நாங்கள் படிக்காதவர்கள், எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று ஒதுங்குவதும் தவறுதான். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களில், வயதுக்கேற்ற உயரமின்றி இருந்த ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு மணி நேரம் சென்று, வீட்டில் செய்த எளிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்மாரைப் பழக்கினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகளின் வருமானம், அதே நிலையில் இருந்தும் அந்த உதவி பெறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் சத்துணவு மட்டும் பெற்ற இன்னொரு பிரிவினரிடம் இத்தகைய நீடித்த பலன் காணப்படவில்லை.

நம்மிடையே பரவலாக உள்ள ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளியில் ஆங்கிலம் என்பதற்காக வீட்டிலும் தமிழை விட்டுவிட்டுத் தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பேச முயலும் பெற்றோரிடம் பேச்சு "கம், சிட், ஈட்" என்ற ஏவல்களாகச் சுருங்கிவிடுகிறது. குழந்தை "ஏன்?" என்று கேட்கும்போது விளக்கிச் சொல்லவும், பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டு மடக்கவும் அவர்களுக்குச் சொல் கிடைப்பதில்லை.