பளபளக்கும் தரை, பரவும் சளி: அலுவலகங்களும் பொது இடங்களும் செய்யும் தவறுகள்

சளி, காய்ச்சல் பரவும் மாதங்கள் வந்ததும் அலுவலகங்களில் முதலில் மாறுவது வாசனைதான். தரை துடைக்கும் தண்ணீரில் ஃபினாயில் ஒரு மூடி கூடுதலாக விழும். வரவேற்பறை மேசையில் சானிடைசர் பாட்டில் ஒன்று வந்து உட்காரும். கழிப்பறைக் கதவில் ‘கைகளைக் கழுவவும்’ என்று ஒரு தாள் ஒட்டப்படும். இவ்வளவும் செய்தபிறகும் வரிசையாக ஆட்கள் இருமத் தொடங்குவார்கள். உடனே, ‘ஹவுஸ்கீப்பிங் சரியில்லை’ என்று பேச்சு கிளம்பும்.

பெரும்பாலும் பழி தவறான இடத்தில் விழுகிறது. பணமும் உழைப்பும் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கே போகின்றன. கிருமி போகிற வழி வேறு.

நோயாளியை உள்ளே விட்டுவிட்டு மேசையைத் துடைப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது, இதைச் சரிசெய்யக் கிருமிநாசினி தேவையே இல்லை. ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கிவிடுகிறார். அறிகுறி வந்தபின் 5 முதல் 7 நாள் வரை அது தொடரலாம். அதிலும் முதல் மூன்று நான்கு நாள்களில்தான் வேகம் அதிகம். அந்த நாள்களில்தான் நம் ஆட்கள் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். மாத்திரை உடம்புச் சூட்டைத்தான் குறைக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. அதனால், நுழைவாயிலில் நெற்றியில் வெப்பமானி வைத்துப் பார்ப்பது இவர்களிடம் பலிக்காது. மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால், உடம்பும் தேறி வருகிறதென்றால், அப்போது வேலைக்கு வரலாம். அதற்கு முன் வேண்டாம்.

இதை ஊழியர்களின் பொறுப்பின்மை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஒரு நாள் விடுப்புக்கே மருத்துவச் சான்றிதழ் கேட்கும் நிறுவனம், லீவே போடாதவருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனம், ‘காய்ச்சலோடு வந்து முடித்துக் கொடுத்தார்’ என்று மீட்டிங்கில் பாராட்டும் மேனேஜர், இவர்கள்தான் நோயைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருகிறார்கள். பாராட்டப்பட்டவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அடுத்த வாரம் படுக்கையில் இருப்பார். சீசன் முடியும்வரையாவது இரண்டு மூன்று நாள் விடுப்புக்குச் சான்றிதழ் கேட்பதை நிறுத்தி வைக்கலாம்.

நூலகம், உடற்பயிற்சிக் கூடம், கட்டணம் கட்டும் கவுண்டர் போன்ற பொது இடங்களில் வருகிறவரைத் தடுக்க முடியாதுதான். அங்கே இருமுகிறவருக்கு வாசலிலேயே ஒரு மாஸ்க், கையெட்டும் தூரத்தில் டிஷ்யூ, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி, இந்த மூன்றையும் வைத்தால் பாதி வேலை முடிந்தது. கையால் தூக்கித் திறக்கும் மூடியுள்ள தொட்டி வேண்டாம். மூக்கைச் சிந்திய கையோடு எல்லோரும் அதே மூடியைத்தான் தொடுவார்கள்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

1977ஆம் ஆண்டு அலாஸ்காவில் நடந்தது இது. இன்ஜின் கோளாறால் ஒரு விமானம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. காற்றோட்ட அமைப்பு ஓடவில்லை. உள்ளே இருந்த ஒருவருக்கு ஃப்ளூ. விமானத்தில் இருந்தவர்கள் மொத்தம் 54 பேர். அடுத்த மூன்று நாள்களுக்குள் அவர்களில் 72 சதவீதம் பேர் நோயில் விழுந்தார்கள். அந்த விமானத்தின் கைப்பிடிகளை எவ்வளவு தேய்த்துத் துடைத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது.

இன்னொன்று, சீட்டாட்டம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட சோதனை இது. சளி பிடித்தவர்களையும் ஆரோக்கியமானவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து மணிக்கணக்காகச் சீட்டாட விட்டார்கள். ஆரோக்கியமானவர்களில் சிலருக்கு, கையை முகத்துக்குக் கொண்டுபோகவே முடியாதபடி தடை மாட்டியிருந்தார்கள். தடை இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் சளி பிடித்தது. பிறகு, நோயாளிகள் ஆடி ஆடிச் சளி பூசிப்போன அதே சீட்டுகளை வேறு அறைக்குக் கொண்டுபோய், நோயாளிகள் யாரும் இல்லாத 12 பேரிடம் கொடுத்து, முகத்தையும் அடிக்கடி தொடச் சொன்னார்கள். ஒருவருக்கும் சளி வரவில்லை.

சரி, அப்படியானால் கை கழுவவே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. கையிலிருந்து கைக்கும், அங்கிருந்து மூக்குக்கும் சளி வைரஸ் போகும் என்பதை 1970களிலேயே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு வழியும் உண்டு. ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் தவறு.

காற்று விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஸ்ப்ளிட் ஏசியிடம். அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப ஊதுகிறது. பத்துப் பேர் கதவை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரும் மீட்டிங் அறையில், முதல் ஆள் விட்ட மூச்சு கடைசி ஆள் வரை சுற்றிவரும். குளிர்ச்சியாக இருப்பதால் காற்று நன்றாக இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான். அதில் இருக்கும் வலையைக் கழுவுவது நல்ல பழக்கம், ஆனால் அந்த வலை தூசியைப் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது.

கார்பன் டை ஆக்சைடு காட்டும் சிறு கருவி ஒன்றை மீட்டிங் அறையில் வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 420 பங்கு) ஒட்டி இருக்கும். அறைக்குள் 800-க்குக் கீழே இருந்தால் காற்றோட்டம் பரவாயில்லை. கூட்டம் நடக்க நடக்க 1500, 2000 என்று ஏறினால், ஒருவர் வெளிவிட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தாலே எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஜன்னலே இல்லாத அறை என்றால் எக்சாஸ்ட் ஃபேன், அதுவும் முடியாவிட்டால் ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான். சுத்திகரிப்பான் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது என்பதால் கருவியின் எண் அப்படியே இருக்கும். ஆனால் காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பிடித்துவிடும். மையக் குளிரூட்டும் அமைப்பு உள்ள கட்டடம் என்றால், மின்கட்டணத்தை மிச்சப்படுத்த வெளிக்காற்று வரும் வழியை யாராவது மூடி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நிறைய இடங்களில் மூடித்தான் இருக்கும்.

அடித்தவுடனே துடைத்துவிடுவது

ஒரு மேசையைச் சுத்தம் செய்வதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஸ்ப்ரேயை இரண்டு முறை அழுத்துகிறார்கள். நுரை விழுந்த மறுநொடியே துணி போய்விடுகிறது. பத்து நொடியில் மேசை காய்ந்து மின்னுகிறது. அடுத்த மேசை. பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கும். கிருமிநாசினி வேலை செய்ய மட்டும் நேரமே கிடைத்திருக்காது. கிருமியைக் கொல்ல அந்தத் திரவம் மேசைமேல் ஈரமாகவே இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்: சிலவற்றுக்கு ஒரு நிமிடம், சிலவற்றுக்குப் பத்து நிமிடம் வரைகூட. பாட்டிலின் பின்பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் அது போட்டிருக்கும். அதைப் பெரிதாக எழுதிப் பாட்டிலின் முன்பக்கத்தில் ஒட்டினால் போதும், பயிற்சி வகுப்பே வேண்டாம்.

அழுக்கின் மேலேயே கிருமிநாசினியை அடிப்பதும் வீண். பிசுக்கும் தூசும் மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும், குறிப்பாக ப்ளீச்சில். முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம்தான் மருந்து.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே துணியால் ஒரு தளம் முழுக்கத் துடைத்தால், முதல் மேசையில் எடுத்ததைக் கடைசி மேசை வரை தடவிக்கொண்டே போகிறோம். துணியை நான்காக மடித்தால் இருபுறமுமாக எட்டு முகம் கிடைக்கும். முகம் அழுக்கானதும் மாற்றிக்கொள்ளலாம், எட்டும் முடிந்தால் துவைக்கப் போட வேண்டியதுதான். கழிப்பறைக்கு ஒரு நிறம், சாப்பிடும் இடத்துக்கு வேறு நிறம் என்று பிரித்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் குழப்பம் வராது. இதே கதைதான் மாப்புக்கும்: கறுத்துப்போன வாளித் தண்ணீரில் முக்கி எடுத்த மாப் எதையும் சுத்தம் செய்யாது. கையுறையும் அப்படித்தான். கழிப்பறையில் போட்ட கையுறையோடு வெளியே வந்து லிஃப்ட் பட்டனை அழுத்தினால், கையுறை காப்பாற்றுவது போட்டவரை மட்டும்.

தரையைத் தேய்த்துவிட்டு கைப்பிடியை விட்டுவிடுவது

தரையை யாரும் கையால் தொடுவதில்லை. ஆனாலும் துப்புரவு நேரத்தில் பெரும்பங்கை அதுதான் வாங்கிக்கொள்கிறது. அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல், மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு வைரஸைக் கட்டடத்தில் ஒரு கதவின் மீதோ மேசையின் மீதோ தடவி வைத்துவிட்டு என்ன ஆகிறதென்று பார்த்தார்கள். 2 முதல் 4 மணி நேரத்துக்குள், அடிக்கடி தொடப்படும் பொருள்களிலும் அங்கிருந்தவர்களின் கைகளிலும் 40 முதல் 60 சதவீதம் வரை அது போய்ச் சேர்ந்திருந்தது. இரவில் ஒரே ஒரு முறை துடைத்தால் ஏன் போதாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். காலையில் பளிச்சென்று இருக்கும் கைப்பிடி மதிய உணவுக்கு முன்பே பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். தரைக்கு ஒரு முறை குறைந்தாலும் பரவாயில்லை, கதவுக் கைப்பிடி, லிஃப்ட் பட்டன், மாடிப்படிக் கம்பி, குழாய்த் திருகு, ஃபிரிட்ஜ் கதவு, காபி மெஷின் பட்டன், விரல் வைக்கும் வருகைப்பதிவுக் கருவி, கவுண்டரில் நூல் கட்டித் தொங்கும் அந்தப் பேனா ஆகியவற்றைப் பகலில் இரண்டு மூன்று முறை துடைக்கலாம். ஃப்ளூ வைரஸ் எஃகு, பிளாஸ்டிக் பரப்புகளில் 24 முதல் 48 மணி நேரம் வரை தாங்கும் என்பது ஆய்வகக் கணக்கு. துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம்கூடத் தாங்காது. கோப்புக் கட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கை கழுவும் இடத்தில் நடக்கும் கோளாறு

கை கழுவச் சொல்லும் தாள் இருக்கும், சோப்பு இருக்காது. இது ஊரறிந்த கதை. அதிகம் பேர் கவனிக்காதது இன்னொன்று: திரவ சோப்பு டப்பா பாதி காலியானதும் அதன்மேலேயே புது சோப்பை ஊற்றி நிரப்புவது. அடியில் இருக்கும் பழைய சோப்பு தீரவே தீராது. தண்ணீர் வேறு கலந்து ‘நீட்டி’ வைத்திருந்தால் பாக்டீரியா அதிலேயே குடியேறிவிடும். அப்புறம் கை கழுவுவதே கிருமியைப் பூசிக்கொள்வதாகிவிடும். டப்பா முழுக்கக் காலியாகட்டும், கழுவிக் காய வைத்து நிரப்புங்கள், அல்லது அப்படியே மாற்றக்கூடிய பை வைத்த வகையை வாங்குங்கள்.

சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். ஃப்ளூ வைரஸுக்கு அது நன்றாகவே கேட்கும், ஏனென்றால் அதன் மேலுறை கொழுப்பால் ஆனது. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். சாதாரணச் சளியைத் தரும் ரைனோ வைரஸுக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் நோரோ வைரஸுக்கும் அப்படிப்பட்ட உறை கிடையாது. குறிப்பாக நோரோ வைரஸ் விஷயத்தில் சானிடைசரை நம்பாமல் 20 நொடி சோப்புப் போட்டுத் தேய்ப்பதுதான் நல்லது. கையில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் சானிடைசர் உதவாது. கழுவிய கையைத் துடைக்கப் பொதுத் துண்டு தொங்கவிடுவதை அடியோடு நிறுத்திவிடலாம்.

மருந்தைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைப்பது

இதில்தான் ஆபத்தே இருக்கிறது. ப்ளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் சேர்ந்தால் குளோரமைன் வாயு. இரண்டும் மூச்சுக்குழாயை அரிக்கும். மூடிய கழிப்பறைக்குள் நின்று கலக்குபவருக்கு ஓடி வெளியே வரக்கூட நேரம் இல்லாமல் போகலாம். கண் எரிந்து தொண்டை கமறினால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். உடனே வெளியேற வேண்டும், மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். வெந்நீரில் கலக்கக் கூடாது. கலந்தது ஒரு நாளைக்கு மேல் வீரியத்தோடு இருக்காது, அதனால் மீந்ததை மறுநாளுக்கு எடுத்து வைப்பதில் பலனில்லை. உலோகத்தில் பயன்படுத்தினால் நேரம் கழிந்ததும் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள், துருப்பிடிக்கும்.

அறை முழுக்கப் புகை அடிப்பதை மட்டும் விட்டுவிடலாம். படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும். புகை மேசையடிக்கும் இடுக்குக்கும் போய்ச் சேராது, அழுக்கையும் எடுக்காது, மூச்சிழுப்பவர்களுக்குத் தொல்லை. உட்புறங்களில் இப்படித் தெளிப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது.

துடைப்பவரை மறந்துவிடுவது

ஒரு கட்டடத்தில் எல்லா அறைக்கும் போய்வருபவர் தூய்மைப் பணியாளர் மட்டும்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தப் பணியாளர் என்றால் பெரும்பாலும் பதில் சங்கடமாகத்தான் இருக்கும். ஒரு நாள் சம்பளம் போகுமென்றால் அவர் காய்ச்சலோடு வரத்தான் செய்வார், தளம் தளமாகப் போகத்தான் செய்வார். ஃப்ளூ தடுப்பூசி முகாம் வைக்கும் நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களின் பெயரை மட்டும் பட்டியலில் போட்டுவிட்டு இவர்களை விட்டுவிடுவதுண்டு. பட்டியலில் இவர்கள் முதலில் வரட்டும். ஊசி போட்டபின் உடம்பில் பாதுகாப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும், வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டியும் இருக்கும். ஆகவே முகாமின் தேதியை முதல் ஆள் இருமத் தொடங்கிய பிறகு யோசிக்காமல், சீசனுக்கு ஒரு மாதம் முன்பே குறித்துவிடுங்கள்.